தம்பினுக்கு அப்பால் ஒரு டின் சோறு

அன்றைக்கு நடந்தவை, நடந்த வரிசையில்:

1. விடியுமுன் எழுந்து வீட்டிலேயே பசியாறினோம். வழிக்கு எதுவும் கட்டிக்கொள்ளவில்லை.
2. ஆறு மணிக்குப் பெரிய மாமாவின் டாக்சி காஜா பேராங்கிலிருந்து புறப்பட்டது. முன்னால் மாமாவும் அப்பாவும். பின்னால் அம்மா, அக்கா, நான். காலடியில் நாய்.
3. அலோர் காஜாவில் நாய் நுரை கக்கியது.
4. தம்பினைத் தாண்டி, முதல் சோதனைச் சாவடியில் கையசைத்து விட்டுவிட்டார்கள்.
5. ரெம்பாவுக்கு முன்னால், இரண்டாவது சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள்.
6. அங்கே முக்கால் மணி நேரம் நின்றோம்.
7. கோலாலம்பூரில் அக்காவின் நேர்முகத் தேர்வுக்கு அரை மணி தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம்.

பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பதால் எதையும் இப்படி எழுதிப் பார்ப்பது எனக்குப் பழக்கம். எழுதிய பிறகு பார்த்தால் இதில் நான் செய்தது எங்கும் வரவில்லை. அது ஒன்றாம் எண்ணுக்கும் முந்தியே தொடங்கியது.

எனக்கு அப்போது எட்டு வயது. நாட்டுக்குச் சுதந்திரம் வர இன்னும் இரண்டு மூன்று வருடம் இருந்தது. அக்கா பள்ளிப் படிப்பை முடித்திருந்தாள். ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்திருந்தது. காலை பதினொரு மணிக்கு நேர்முகத் தேர்வு. பெற்றோர் விரும்பினால் விடுதியையும் பார்வையிடலாம் என்பது கடிதத்தின் கடைசி வரி. அப்பா அரசாங்க அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. கடிதம் முழுவதையும் விட்டுவிட்டு அந்தக் கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தார்.

“எடத்தப் பாக்காம பொண்ண அனுப்பிருவேனா? ஜன்னல் கம்பிய நானே ஆட்டிப் பாக்கணும்” என்றார்.

அப்படித்தான் குடும்பமே கல்லூரி பார்க்கக் கிளம்பியது. நாய் வந்தது என்னால். அதன் பெயர் கோப்பி, நிறமும் அதுதான். அதன் கழுத்துப் பட்டையில் இருந்த லைசென்ஸ் தகடு எங்கேயோ விழுந்து தொலைந்திருந்தது. வெறிநாய்க்கு ஊரே பயந்திருந்த சமயம். தகடில்லாத நாயைத் தெருச் சடக்கில் கண்டால் சுட்டுவிடுவார்கள். தெங்கேராவில் ஒரு வீட்டு வாசலிலேயே சுட்டதாக வகுப்பில் ஒருத்தி சொல்லியிருந்தாள். ஒரு நாள் முழுவதும் வீட்டில் ஆளில்லாமல் கோப்பியை விட்டுப் போவது என்பது எனக்கு அதைக் கொன்றுவிட்டுப் போவதாகவே தோன்றியது. அழுதேன். சாப்பிட மாட்டேன் என்றேன்.

“ஏத்திக்குவோம் மாப்பிள்ளை” என்றார் பெரிய மாமா. அவர் அம்மாவின் அண்ணன். “அதுவும் காலேஜைப் பாக்கட்டும். இந்த வீட்டுல அடுத்துப் படிக்கப் போறது சின்னவளா நாயான்னு எனக்குச் சந்தேகமாத்தான் இருக்கு.”

அப்பா ஒரு நிபந்தனை போட்டார். “ஒரு வாய் திங்கக் குடுக்கக் கூடாது. வண்டியில கக்குச்சுன்னா எறக்கி விட்டுட்டுப் போய்க்கிட்டே இருப்பேன்.” அப்பா சொன்னதைச் செய்கிறவர்.

அம்மாவுக்கு வேறு கவலை. சோறு கட்டாமல் அம்மா எங்கும் கிளம்பியதில்லை. பண்டார் ஹிலிர் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போனாலும் கூடையில் புளிச்சோறு இருக்கும். முதல் நாள் மாலை கூடையைத் துடைத்து எடுத்து வைத்தபோது மாமா வந்து கைநீட்டித் தடுத்தார்.

“தங்கச்சி, ஒரு பருக்கை கூடாது. நம்ம பக்கம் வெள்ளை ஏரியா. எல்லாக் கட்டுப்பாட்டையும் எடுத்துட்டான், நாமளும் மறந்துட்டோம். தம்பின் தாண்டுனா கறுப்பு ஏரியா. காட்டுல இருக்கிற கம்யூனிஸ்டுக்குச் சோறு கொண்டு போறேன்னு புடிச்சு உள்ள வச்சிருவான்.”

“பிள்ளைங்களுக்கு ரெண்டு பிஸ்கோத்து?”

“பிஸ்கோத்தும் சோறுதான், கேட்டுக்க.”

“பச்சப்புள்ள பசிக்கு அழுதா?”

“போலீஸ் மாத்தாகிட்டக் குடு, தாலாட்டுப் பாடுவான்.”

அம்மா கூடையை மறுபடி ஆணியில் மாட்டினார். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். எல்லாவற்றையும் கேட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் கோப்பி தின்பதைச் சோறு என்று யாரும் சொன்னதில்லை. குருணையையும் மீன்தலைகளையும் போட்டு வீட்டுக்குப் பின்னால், கரி பிடித்த ஒரு தனிச் சட்டியில் அது வேகும். அந்தச் சட்டி அடுக்களை வாசலைத் தாண்டக் கூடாது. அதைத் தொட்ட கையோடு அரிசிப் பானையைத் தொடவும் கூடாது. தினமும் அதைக் கிளறிக் கோப்பிக்குப் போடுவது என் வேலை. அப்பா அந்தச் சட்டியைப் பார்த்திருக்கவே மாட்டார். ஆகவே ஒரு பருக்கை கூடாது என்று மாமா சொன்னது மனிதர் சோற்றை. சட்டியில் இருந்தது வேறு பொருள். அன்று இரவு நான் அதை ஒரு காலி பால்மாவு டின்னில் அழுத்தி நிரப்பி மூடினேன். காலையில் அம்மாவின் இருக்கைக்கு அடியில், மாமா வண்டி துடைக்கும் துணிக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். கல்லூரியில் இறங்கியதும் ரகசியமாகக் கொடுப்பதாகத் திட்டம்.

அலோர் காஜாவில் கோப்பி கக்கியபோது அப்பா திரும்பிப் பார்த்தார். “காலி வயிறு, வெறும் தண்ணிதான் மாப்பிள்ளை” என்று மாமா தாமே இறங்கித் துடைத்தார். “இன்னொரு தடவைன்னா எறக்கித்தான் விடுவேன்” என்றார் அப்பா. தம்பினைத் தாண்டியதும் சடக்கின் இருபுறமும் ரப்பர்ப் பால் வடியும் கித்தா மரங்கள் நெருங்கின. மரங்களுக்கு நடுவே காலைநேரத்திலும் இருட்டாக இருந்தது. கோப்பியைப் போன்ற ஒரு நாய் அங்கே தனியாக நிற்பதை நினைத்துப் பார்த்தேன்.

முதல் சாவடி கடந்ததும் மாமாவுக்குப் பேச்சு வந்துவிட்டது.

“போன மாசம் ஒருத்தன் மாட்டுனான். என்ன கொண்டு போனான் தெரியுமா? கோழித்தீனி.”

“கோழித்தீனிக்கா?” என்றாள் அக்கா.

“குருணைதான? பசிச்சா மனுசன் திங்க மாட்டானா? ஆள உள்ள தள்ளிட்டான். கோழியெல்லாம் வெளிய நிக்குது.”

அக்கா சிரித்தாள். அப்பாகூடச் சிரித்தார். நான் கால் விரல்களால் பின்னால் தடவினேன். டின் இருந்தது.

சொன்னால் கோப்பியை இங்கேயே இறக்கிவிடுவார்கள். சொல்லாவிட்டால் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போவார்கள். இந்த இரண்டையும் நான் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டே வந்தேன். இன்னொரு சாவடி இல்லாமல் போகலாம் என்று மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்து, அதைப் பிடித்துக்கொண்டேன். வளைவைத் தாண்டியதும் வண்டிகள் வரிசையாக நின்றன.

பெண்களை ஓர் அத்தாப்பு ஓலைக் கொட்டகைக்குள் அனுப்பினார்கள். ஒரு மலாய்க்காரப் பெண் அம்மாவின் கொண்டையை அவிழ்த்துப் பார்த்தாள். அக்காவின் காகிதங்களைப் புரட்டினாள். என் கவுன் பையில் கைவிட்டு, ஒன்றுமில்லாததற்குப் புன்னகை செய்தாள். நாங்கள் வெளியே வந்தபோது நடுவயதுக் காவல்காரர் ஒருவர் டாக்சியின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். நாய் இருக்கும் இடத்தில் முஸ்லிமான அவர் கைவைக்க முடியாது. அதை வெளியே எடுக்கச் சொன்னார்.

“ஏய், நாயத் தூக்கு” என்றார் அப்பா.

நான் அசையவில்லை. அப்பா மறுபடி சொன்னார். நான் போய்க் கோப்பியை இழுத்தேன். அது எழாமல் முரண்டு பிடித்தது; அதன் பின்னங்கால் உதைத்ததில் துணி விலகி, டின் உருண்டு கதவோரம் வந்து நின்றது.

காவல்காரர் மூடியை நெம்பினார். மீன்வாடை எழுந்தது.

“இனி சியாப்பா பூஞா?” யாருடையது இது என்று கேட்டார்.

கொஞ்ச தூரத்தில், ஒரு மரத்தடியில், வெள்ளைக்கார அதிகாரி மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் ஒரு பெரிய புத்தகம். அதில் பெயர் ஏறினால் அப்பாவின் வேலை போய்விடும், ஆளும் போய்விடுவார் என்பது எட்டு வயதுக்கும் விளங்கியது. அப்பாவின் முகம் வெளுத்திருந்தது. பேச வாயைத் திறந்து, எந்த மொழி என்று தெரியாதவர்போல மூடினார். மாமா தம் செருப்பைப் பார்த்தார்.

“சாயா பூஞா” என்றார் அம்மா. என்னுடையது.

பிறகு தமக்குத் தெரிந்த பாசார் மலாயில், சந்தையில் பழகிய பேச்சில், நாய்க்கு, நாய் தின்ன, என்று சேர்த்துச் சொன்னார். காவல்காரர் நாயைப் பார்த்தார். எல்லோரும் இப்படி ஏதாவது சொல்வார்கள் போலும். குனிந்து டின்னைத் தரையில் வைத்து, காலால் மெதுவாகக் கோப்பியின் பக்கம் தள்ளினார்.

கோப்பி முகர்ந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“சாப்பிடு கோப்பி” என்றேன். கொஞ்சம் அள்ளி அதன் வாயில் வைத்தேன். தினமும் சட்டி கிளறும் சத்தத்துக்கே ஓடிவருகிற நாய், எச்சில் ஒழுக, அப்பாவின் கால்களுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது.

காவல்காரர் ஒரு முறை மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தாழ்ந்த குரலில் பேசினார். இதைச் சாவடி தாண்டிக் கொண்டுபோக விட முடியாது. இங்கே கொட்டவும் முடியாது. யாராவது வந்து பொறுக்குவார்கள். அதிகாரியின் மேசைக்குக் கொண்டுபோனால் பெயரை எழுதித்தான் ஆக வேண்டும். அவ்வளவு சொல்லிவிட்டு நிறுத்தினார்.

அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு டின்னுக்கு முன்னால் குந்தினார். வலது கையை உள்ளே விட்டார். சாப்பிட்டார்.

முதல் கவளத்தில் அவர் தோள் ஒரு முறை குலுங்கியது. பிறகு குலுங்கவில்லை. ஆறிப்போன குருணை, செதிலோடு மீன்தலை, முள். அடுக்களைப் பக்கமே வரக் கூடாது என்று தாமே ஒதுக்கி வைத்திருந்ததை அவர் மென்று விழுங்கினார். அக்கா பக்கத்தில் குந்தப் போனாள். “அம்மா, நானும்…”

“சேலையக் கசக்காத. தள்ளி நில்லு” என்றார் அம்மா, வாயில் சோற்றோடு.

காவல்காரர் திரும்பி நின்றுகொண்டார். அவர் முதுகு மேசைக்கும் அம்மாவுக்கும் நடுவில் இருந்தது. வெகுநேரம் அப்படியே நின்றார். டின் காலியானதும் அதைப் பூட்சால் மிதித்து நசுக்கி, கையைக் காட்டினார். “ஜாலான்.” போகச் சொன்னார்.

வண்டி ஒரு மைல் போயிருக்கும். அப்பா திரும்பாமலே பேசினார்.

“ஒரு நாள். ஒரே ஒரு நாளு சோறு கட்டாம வர முடியல உனக்கு.”

“தப்புத்தான்” என்றார் அம்மா.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலை மட்டும் நகர்த்தி, கோப்பி தலையைச் சாய்த்துக்கொள்ள இடம் கொடுத்தார். என் உடம்பிலிருந்து பயம் இறங்கியது. அம்மா பார்த்துக்கொண்டார், முடிந்துவிட்டது என்று நினைத்தேன். சிரம்பான் வருவதற்குள் தூங்கிவிட்டேன்.

கல்லூரியில் அக்காவைக் கடைசி ஆளாக உள்ளே அழைத்தார்கள். மாமா கேட்டுக்கு வெளியே நாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா விடுதியில் ஜன்னல் ஜன்னலாகப் போய்க் கம்பிகளை ஆட்டிப் பார்த்தார். ஒன்றும் ஆடவில்லை என்பதில் அவருக்குத் திருப்தி. விடுதிக் கண்காணிப்பாளரிடம் அம்மா, பிள்ளைகளுக்கு ராத்திரி என்ன சாப்பாடு என்று கேட்க ஆரம்பித்தார்.

“சோத்தப் பத்தி மட்டும் நீ வாயத் தொறக்காத” என்றார் அப்பா. அம்மா நிறுத்திக்கொண்டார். அடுத்த அறையைப் பார்க்கப் போனோம்.

அக்காவுக்கு இடம் கிடைத்தது. இரண்டு வருடம் அங்கே தங்கிப் படித்தாள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டார் வந்து பார்க்கலாம். அப்பாவும் மாமாவும் போவார்கள். சில மாதம் என்னையும் கூட்டிப்போவார்கள். “உங்கம்மாவ நம்பி வண்டியில ஏத்த முடியாது” என்பார் அப்பா, பாதி வேடிக்கையாக. அம்மா சோப்பு, தலையெண்ணெய், தைத்த ரவிக்கை என்று தின்ன முடியாதவைகளாகப் பார்த்து மடித்துக் கொடுத்தனுப்புவார். டாக்சி திரும்பும்வரை வாசலில் நிற்பார். நாயைக் கவனிக்க ஆள் வேண்டுமே, அதற்காக அம்மா வீட்டில் இருக்கிறார் என்று நினைத்தேன். அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

மாமா இந்தக் கதையைச் சொல்லாத கல்யாண வீடு இல்லை. அவர் சொல்லச் சொல்ல, குருணை புளிச்சோறாகி, புளிச்சோறு நெய்ச்சோறாகியது. “துப்பாக்கிய நீட்டுறான், எந் தங்கச்சி அப்பளம் இருக்கான்னு கேக்குறா!” எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பார். அம்மாவே சிரிக்கிறாரே என்று நானும் சிரித்தேன். நான் அடி வாங்காமல் தப்பித்த ஒன்றுக்கு வேறு யாரோ மாதாமாதம் அடி வாங்கிக்கொண்டிருக்கலாம் என்பது எனக்குத் தோன்றவில்லை. கோப்பிக்குச் சட்டி கிளறியது நான் ஒருத்தி மட்டும்தான் என்பது அம்மாவுக்குத் தெரியும் என்பதுகூட, வெகு காலம் எனக்கு உறைக்கவில்லை.

அப்பா காலமாகி மூன்று வருடம் ஆகிறது. அந்த டின்னைக் கொண்டுவந்தது அம்மா என்றே நம்பிப் போனார். அக்கா சிரம்பானில் ஆசிரியையாக இருக்கிறாள். அம்மா அந்தக் கல்லூரியை இரண்டாவது முறை பார்க்கவில்லை. அவர் இப்போது காஜா பேராங் வீட்டில் என்னோடு இருக்கிறார். நாங்கள் இருவரும் இதைப் பற்றி இன்னும் பேசவில்லை.