தனலெட்சுமி அக்காவுக்கு நிறம் திரும்பிய கதை

பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்க்கும் தோல் கிளினிக்கில் லேசர் மெஷின் என் பொறுப்பு. தனலெட்சுமி அக்கா கிள்ளானிலிருந்து வாரம் இரண்டு தடவை ரயிலில் வருவார். கையுறை ஃபேக்டரியில் வேலை. கண்ணையும் வாயையும் சுற்றி வெண்புள்ளி, விரல்களிலும் இருந்தது. தொற்றாது என்று எத்தனை முறை சொன்னாலும், நம் ஆட்கள் அவர் கொடுக்கும் தண்ணீரைக் குடிக்க யோசிப்பார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அம்மாவைப் பார்த்துவிட்டு மகள் தாமரையை இரண்டு இடத்தில் வேண்டாம் என்றுவிட்டார்கள். மூன்றாவதாக செமினியிலிருந்து பெண் பார்க்க வந்தபோது அக்காவே வீட்டாரிடம் சொல்லியிருக்கிறார்: "நான் செத்துட்டேன்னு சொல்லிடுங்க." தாமரை அழுதாள், சண்டை போட்டாள். அக்கா பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். சம்பந்தம் பேசி முடிந்தது.

"பைத்தியமாக்கா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

"முகம் சரியாவட்டும் சிஸ்டர். நானே போயி உண்மையச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கறேன். கல்யாண மேடையில நான்தான் நிக்கணும் லா."

பழைய மெஷின் என்றால் நானே நம்பிக்கை கொடுத்திருக்க மாட்டேன். சுற்றியுள்ள நல்ல தோலும் கருத்துப்போகும். புதியதில் ஒளி புள்ளியில் மட்டும் விழும். டாக்டர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். கடுகளவு நிறம் அங்கங்கே முளைத்து, மெல்ல ஒன்று சேர்ந்தது. ஏழாம் மாதம் முகம் நிறைந்துவிட்டது. விரல்கள்தான் பிடிவாதம்.

உண்மையைச் சொல்ல அவர் கிளம்ப இருந்த வாரம், சம்பந்தியம்மா முந்திக்கொண்டார். நல்ல மனுஷி. தாமரையின் அம்மாவுடைய, புள்ளி வராத காலத்துப் பழைய படத்தை வாங்கிப் பெரிதாக்கி, மேடையில் வைக்க ஃபிரேம் போட்டுவிட்டார். "தாயில்லாப் பொண்ணு, இனி நான்தான் அம்மா" என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. அதன்பிறகு அக்காவுக்கு வாய் வரவில்லை. பொய்க்காரி மகள் என்று தாமரை காலமெல்லாம் பேச்சு வாங்குவாளே!

கூட்டத்தில் ஒருத்தியாகவும் போக முடியாது. இப்போது இருப்பது அப்படியே படத்தில் உள்ள முகம். புள்ளி இருந்திருந்தால் தூரத்துச் சொந்தம் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். என் கையால் அதையும் கெடுத்தேன்.

முகூர்த்தத்தன்று காலை அக்கா பட்டுப்புடவை கட்டி கிளினிக்குக்கு வந்தார், விரலுக்கு லேசர் வைக்க. ஒன்பதரைக்கு அவர் ஃபோனில் ஒரு படம் வந்தது. மணக்கோலத்தில் தாமரை, மாலை போட்ட அம்மா படத்தின் முன் விழுந்து கும்பிடுகிறாள்.

அக்கா வலது கையைத் திரைமேல், மகள் தலை இருந்த இடத்தில் வைத்தார்.

"நல்லா இரும்மா."