செக்பொயின்றில் பூட்டிய அம்ப்

ராணி டீச்சர் என்று ஊர் அழைத்த புஸ்பராணி உண்மையில் டீச்சர் இல்லை. திருகோணமலை நகரத்தில் ஒரு பெண்கள் பாடசாலையின் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் உதவியாளர். குடுவை கழுவுவது, வயர்களைச் சிக்கெடுத்து வைப்பது, பரிசோதனை நடக்காத நாளில் தானே ஒன்றைச் செய்து பார்ப்பது, இவைதான் அவள் வேலை. தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து அவள் ஊரான சாம்பல்தீவே இடம்பெயர்ந்து முகாமில் கிடந்தபோது, செத்துப்போன ரேடியோ பற்றரிகளை வெயிலில் காயவைத்து, எட்டை ஒரே வரிசையாகக் கட்டி, பின்னேரச் செய்தியைப் பேச வைத்தவள் அவள். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. செய்தி கேட்க வந்த ஆனந்தராசா செய்தியைக் கேட்கவில்லை. வயர் முறுக்கிய அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்த வருடம் கல்யாணம்.

இரண்டாயிரத்து மூன்றில் சண்டை ஓய்ந்திருந்தது. முடிந்தது என்று யாரும் சொல்லத் துணியவில்லை. ஆனாலும் பாதைகள் திறந்தன, கொழும்புக்குப் போய்வர முடிந்தது, சனம் ஏற்றும் வான் வண்டிகளில் பாட்டு ஏறியது. அதுவும் சும்மா பாட்டில்லை. நெஞ்சுக்குழிக்குள் புகுந்து குத்தும் பாட்டு. எந்த வானில் பேஸ் கூடவோ அந்த வானில் சனம் ஏறியது. சாம்பல்தீவுக்கும் நகரத்துக்கும் இடையில் வான் ஓட்டிய ஆனந்தராசாவும் எங்கேயோ சொல்லிவைத்துப் பன்னிரண்டு அங்குல சப்வூஃபர் ஸ்பீக்கர் இரண்டைப் பெட்டியோடு வாங்கிப் பின்சீட்டுக்குப் பின்னால் ஏற்றினான். வானில் ஏற்கெனவே இருந்த, சத்தத்தைப் பெருக்கும் சின்ன அம்பில் அவற்றைக் கொழுவினான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஹயர் ஓட்டம் ஒன்றில், தண்ணீர் கடக்கும் மிதவைக்காகக் கிண்ணியாத் துறையடியில் வரிசையில் நின்றபோது ஜமால்தீனின் வான் வந்தது. ஜமால்தீன் கிண்ணியாக்காரன், ஆனந்தராசாவின் பழைய கூட்டாளி. அவன் வான் கண்ணில் படுவதற்கு முன்பே அவன் பாட்டு காலில் பட்டுவிடும். பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஆனந்தராசாவின் ஜன்னலுக்குள் தலையை நீட்டிக் காதைத் தீட்டிக் கேட்டான்.

"மச்சான், உள்ளுக்குள்ள ஆரோ பெட்டியத் தட்டுறாங்க போல இரிக்கி. பாவம், திறந்து விடு."

துறையடி முழுக்கச் சிரித்தது. தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தவர்கூடக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

அன்று ஆனந்தராசா வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தான். விசயத்தைக் கேட்ட புஸ்பராணி முதலில் தானும் சிரித்தாள். பிறகு வானுக்குள் ஏறி, அந்தச் சின்ன அம்பைக் கழற்றி மடியில் வைத்துப் பார்த்தாள். மேலே வெள்ளி எழுத்தில் எண்ணூறு வாற்ஸ் என்று போட்டிருந்தது. ஓரத்தில் ஒரேயொரு ஃபியூஸ்.

"இஞ்ச பாருங்கோ. ஃபியூஸ் பதினைஞ்சு அம்பியர். பன்னிரண்டு வோல்ற்றால பெருக்கினா நூற்றெண்பது. உள்ள போறதே நூற்றெண்பது எண்டா, வெளிய எண்ணூறு எங்கயிருந்து வரும்?"

"அப்ப இதில எழுதியிருக்கிறது?"

"எழுத்துக்கு என்ன, எவ்வளவும் எழுதலாம். ஃபியூஸ் பொய் சொல்லாது."

ஆனந்தராசா கதிரையை விட்டு எழும்பினான். அந்த நிமிடத்தில் இருவருக்கும் ஒரே காய்ச்சல் பிடித்தது. அவள் மீற்றரை எடுத்து வந்து ஒவ்வொரு சப்வூஃபரின் சுருளையும் அளந்தாள். தடை ஒவ்வொன்றும் நாலு ஓம். அடுத்த ஒரு கிழமை அவள் கணக்குப் போடாத கடதாசி வீட்டில் இல்லை. சீனி சுற்றிவந்த தாளில் போட்டாள், கலண்டரின் பின்பக்கத்தில் போட்டாள். பாடசாலையில் குடுவை கழுவும்போது தாளம் போட்டதில் ஒரு குடுவை உடைந்தது. முப்பத்தைந்து வயதில் தனக்கு இப்படியொரு கூத்து வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

சனிக்கிழமை கொழும்புக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிப்போகும் ஹயர் வந்தது. புஸ்பராணி முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

குடும்பத்தை இறக்கிவிட்டு, கொழும்புப் புறக்கோட்டையில் இருவரும் நுழைந்த கடையில் அம்புகள் கோயில் சோடனை போல மின்னின. கடைக்காரர் தமிழர், வெளியூர்க்காரர். நீல லைற் எரியும் ஒன்றை எடுத்து ஆனந்தராசாவின் கையில் வைத்தார். "அண்ணே, ரெண்டாயிரம் வாட்ஸ். கல்லே வெடிக்கும்."

"ஃபியூஸ் எத்தினை?" என்று கேட்டாள் புஸ்பராணி.

கடைக்காரர் அப்போதுதான் அவளைப் பார்த்தார். அவள் தானே திருப்பிப் பார்த்தாள். இருபத்தைந்து. வைத்துவிட்டாள். இப்படி ஒன்பது அம்புகளைத் தூக்கித் தூக்கித் திருப்பினாள். பத்தாவது, மேல் தட்டில் தூசிக்குள் கிடந்த கறுப்புக் கட்டை. லைற் இல்லை, மினுக்கம் இல்லை. ஆனால் முப்பது அம்பியர் ஃபியூஸ் இரண்டு. ஒரே ஒலிவழி கொண்ட ஒற்றைச் சனல், பேஸுக்கென்றே செய்தது. தொடர்ந்து ஐந்நூறு வாற்ஸ் தருமென்று சின்ன எழுத்தில் அடக்கமாகப் போட்டிருந்தது.

"இது இரண்டு ஓமில வேலை செய்யுமோ?"

"உங்க ஸ்பீக்கர் நாலு ஓமா?"

"ஓம்."

"எத்தனை ஓம்?"

"நாலு ஓம்தான்."

"அப்ப ஏன் இரண்டு ஓம்ங்கிறீங்க?"

"ஓம், இரண்டையும் பக்கம் பக்கமாக் குடுத்தா இரண்டு ஓம் ஆகும்தானே?"

கடைக்காரர் கையைக் கூப்பினார். "அம்மா, நீங்க ஓம்னு சொல்றது சம்மதமா, கணக்கா? அதை மட்டும் சொல்லிடுங்க." மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பார்த்தான். கறுப்புக் கட்டையோடு, பெருவிரல் மொத்தத்தில் சிவப்பு வயர் ஆறு மீற்றர், அதே மொத்தத்தில் கறுப்புத் துண்டொன்று, ஒரு பெரிய ஃபியூஸ் கூடு என எல்லாவற்றையும் சுற்றிக் கொடுத்தார்.

மறுநாள் விடிய வெளிக்கிட்டு, கந்தளாய் தாண்டி, நகரத்துக்கு முன்னாலுள்ள ஆமிச் செக்பொயின்றுக்கு வரும்போது நேரம் பதினொன்று. சமாதான காலம் என்பதால் பொதுவாக எட்டிப் பார்த்துவிட்டு விடுவார்கள். அன்று எட்டிப் பார்த்த இளம் சிப்பாயின் கண்ணில் பட்டவை இரண்டு மூடிய மரப் பெட்டிகள், சுருள் சுருளாகச் சிவப்பு வயர், ஃபியூஸ், ஒரு கறுப்பு இரும்புக் கட்டை. அவன் இரண்டு அடி பின்னால் போய் விசிலை ஊதினான்.

அரை நிமிடத்தில் வானைச் சுற்றி ஐந்து பேர். பின்னால் வந்த பஸ் நிறுத்தப்பட்டது. ஆனந்தராசா இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு இறங்கினான். நடுத்தர வயதுக் கோப்ரல் ஒருவர் வந்து கட்டையைக் காட்டி, உடைந்த தமிழில் கேட்டார்.

"இது என்ன?"

"பாட்டுப் பெட்டிக்குப் பூட்டுறது, சேர்."

"உள்ள என்ன?"

"பாட்டைப் பெலப்பிக்கிற சாமான்."

"உடைச்சுப் பாக்கணும்."

புஸ்பராணிக்குப் பயம் இருந்தது. ஆனால் 'உடைச்சு' என்ற சொல் பயத்தை முந்திக்கொண்டு போய் அவளுக்குள் எதையோ கிளப்பிவிட்டது. பத்து அம்பைத் தூக்கித் தேர்ந்தெடுத்த கட்டை அது.

"உடைக்க வேண்டாம் சேர். இஞ்சயே பூட்டிப் பாட வைச்சுக் காட்டுறன். பாடாட்டி உடையுங்கோ."

கோப்ரல் அவளைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "ஹொந்தாய், சரி, ஒரு மணித்தியாலம்," என்றார்.

வானை வேப்பமரத்துக்குக் கீழே ஒதுக்கினார்கள். புஸ்பராணி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். முதலில் முன்சீட்டைத் தூக்கி, அதற்குக் கீழிருந்த பற்றரியின் வயரைக் கழற்றி ஒதுக்கினாள். சிவப்பு வயரை இடது பக்க மிதியடிக்குக் கீழால் பின்னுக்கு இழுத்தாள். பாட்டு வரும் மெல்லிய வயர் பழைய இடத்திலேயே வலது பக்கம் கிடந்தது. இரண்டும் பக்கத்தில் கிடந்தால் இரையும் என்று அவளுக்குத் தெரியும். பற்றரியிலிருந்து ஒரு சாண் தள்ளி ஃபியூஸ் கூட்டை வைத்தபோது ஆனந்தராசா மெல்ல முணுமுணுத்தான்.

"இப்ப இதெல்லாம் வேணுமே? கெதியா வயரைக் கொழுவும்."

"வயர் எங்கையும் உரசினா வான் எரியும். இந்த ஆக்களுக்கு முன்னால எரிஞ்சா என்ன சொல்லுவீங்கள்?"

ஆனந்தராசா குறடைப் பிடித்தான். பஸ்ஸிலிருந்த சனம் ஒவ்வொருவராக இறங்கி வந்து பார்த்தார்கள். ஒரு அம்மா விசிறிக்கொண்டே, "பிள்ளை, அந்தச் சிவப்பைச் சிவப்போடதானே குடுத்தனி?" என்று கேட்டார். "ஓம் அம்மா, இரண்டு பெட்டியின்ர சிவப்பும் ஒண்டா, இரண்டு கறுப்பும் ஒண்டா," என்றாள் புஸ்பராணி. கறண்ட் திரும்பிப் போக, அம்பின் கறுப்புத் துண்டை வானின் உடம்போடு, பின்சீட்டு ஆணியில் முறுக்கும் வேலையை ஆனந்தராசா செய்தான். கடைசியாகப் பற்றரி வயரைக் கொழுவினார்கள். சாவியைத் திருப்பினான்.

கட்டையின் ஓரத்தில் ஒரு சின்னச் சிவப்பு லைற் எரிந்தது. சத்தம் இல்லை.

ஐந்து சிப்பாய்களும் ஒன்றாகப் பின்னால் போனார்கள். பஸ் சனம் அவர்களுக்கும் பின்னால் போனது. வானுக்குள் புஸ்பராணியும் ஆனந்தராசாவும் மட்டும். அவள் கொண்டுவந்த கைப்பையைத் திறந்தாள். மீற்றரை எடுத்து ஒவ்வொன்றாகத் தொட்டாள். பற்றரி சரி. ஃபியூஸ் சரி. ஆணியில் வைத்ததும் முள் தள்ளாடியது. குனிந்து பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ! பெயின்ற்றுக்கு மேலயே கறுப்பைப் பூட்டினீங்கள்?"

"ஆணிதானே எண்டு…"

"பெயின்ற்றுக்குள்ளால கறண்ட் போகாதப்பா! சேர், ஒரு கத்தி இருந்தாத் தாங்கோ."

ஒரு சிப்பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோப்ரல் தன் இடுப்புக் கத்தியை உருவி, பிடியை அவள் பக்கம் நீட்டினார். அவள் ஆணியடியைத் தகரம் பளிச்சிடும்வரை சுரண்டி, கறுப்பு வயரை இறுக்கினாள். அம்பின் குமிழைக் குறைச்சலாக வைத்துவிட்டு, "இப்பப் போடுங்கோ," என்றாள்.

வானின் பாட்டுச் செற்றுக்குள் கிடந்தது கோயில் திருவிழாவில் பதிந்த நாதஸ்வரச் சீடி. தவிலின் தொப்பிப் பக்கம் ஒரு அடி விழுந்தது. தும்.

மண்மூட்டைக்கு மேலிருந்த தூசி எழும்பியது. இரண்டாவது அடிக்கு வேப்பம் பழம் நாலைந்து உதிர்ந்தது. மூன்றாவது அடிக்குக் கோப்ரலின் மேசையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை தானாக நடந்து விளிம்புக்குப் போனது, ஒரு சிப்பாய் பாய்ந்து பிடித்தான். புஸ்பராணி குமிழை மெல்ல மெல்லத் திருப்பி, சத்தம் கரகரக்கத் தொடங்கிய இடத்திலிருந்து கொஞ்சம் பின்னுக்கு எடுத்து விட்டாள். சுத்தமான, உருண்டையான, வயிற்றுக்குள் இறங்கும் பேஸ். அவள் வானுக்குள் நின்றபடியே கையைத் தட்டிக் குதித்தாள். தலை கூரையில் இடித்தது, அவளுக்கு அது தெரியவில்லை.

விசில் ஊதின அந்த இளம் சிப்பாய் எங்கோ ஓடி ஆட்டப் பாட்டான பைலாச் சீடி ஒன்றோடு வந்தான். பிறகு நடந்ததை ஆனந்தராசா ஒரு நாளும் ஒழுங்காகச் சொல்லி முடித்ததில்லை, பாதியிலேயே சிரித்துவிடுவான். பஸ் கொண்டக்ரர் ஆடினார், விசிறிக்கொண்டிருந்த அம்மா ஒரு காலால் தாளம் போட்டார். துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு சிப்பாய்கள் இடுப்பை ஆட்டினார்கள். கோப்ரல் மட்டும் முகத்தை இறுக்கி வைத்திருந்தார், ஆனால் அவர் சப்பாத்து நுனி மேலும் கீழும் போனது. பாட்டு முடிந்ததும் பாதையை எட்டிப் பார்த்துவிட்டு, "யன்ன, யன்ன! பெரிய ஆள் வர முன்னம் போங்க," என்று கையை வீசினார்.

வெள்ளிக்கிழமை துறையடிக்குப் புஸ்பராணியும் போனாள். அங்கே பாதை என்று சொல்லும் அந்த இரும்பு மிதவையில் ஆனந்தராசாவின் வானும் ஜமால்தீனின் வானும் பக்கம் பக்கமாக ஏறின. நடுத் தண்ணீரில் அவள் பாட்டைப் போட்டாள். மிதவையின் இரும்புத் தட்டு முழுவதும் ஒரே பறையாகிவிட்டது. செருப்பில்லாமல் நின்றவர்கள் உள்ளங்கால் கூசி ஒற்றைக்காலில் துள்ளினார்கள். மீன்கூடையோடு நின்ற ஒருவர், "இறால் எல்லாம் திரும்ப உசிர் பெத்துட்டுது," என்று கத்தினார். ஜமால்தீன் தன் வானின் பாட்டை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். இரும்புத் தட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

"அல்லாவே! மச்சான், ஆரு இத வயர் பண்ணின?"

ஆனந்தராசா மார்பை நிமிர்த்திக்கொண்டு மனைவியைக் காட்டினான். ஜமால்தீன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "டீச்சர், நாளைக்கே நம்மட வானக் கொண்டு வாறன்," என்றான்.

சொன்னபடியே இரண்டு சட்டித் தயிரோடு சாம்பல்தீவுக்கு வந்தான். அந்த மாரிக்குள் அவள் கையால் பதினொரு வான்களும், வெருகல் திருவிழாவுக்குப் போகும் ஒரு உழவு இயந்திரமும் பாடத் தொடங்கின. பாடசாலை விட்டு வந்து, தேத்தண்ணி குடித்த கையோடு ஏதாவது ஒரு வானுக்குள் அவள் நுழைந்துவிடுவாள். வெளியே இரண்டு பாதங்கள் மட்டும் தெரியும். அவை தாளம் போட்டால் வேலை முடிந்துவிட்டது என்று ஆனந்தராசா குசினிக்குள் போய்ச் சோற்றுக்கு உலை வைப்பான்.