கிழட்டுப் பசுவின் வால்

இடுப்பைப் பிடித்துக்கொண்டு இதைப் படிப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: நான் இப்போது நன்றாக இருக்கிறேன்.

சிங்கப்பூருக்குத் தன்னாட்சி வந்த வருஷம். தேக்கா மார்க்கெட்டில் எனக்கு மாட்டிறைச்சிக் கடை. ஒரு காலையில் தொடைக்கறியைக் கொக்கியிலிருந்து இறக்கினேன். இடுப்பில் சுரீர் என்றது. வலி இடது காலில் இறங்கிப் பெருவிரல்வரை போனது. கறியோடு நானும் தரையில் கிடந்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார முடியாமல் சுவரைப் பிடித்து நின்றேன். டாக்டர் மாணிக்கம் காலைத் தூக்கிப் பார்த்தார். டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை) பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார். பலகையில் படுத்து ஓய்வு. சரியாகாவிட்டால் ஆபரேஷன்.

"மறுபடி சுஜூது (நெற்றியைத் தரையில் வைத்துத் தொழுவது) செய்ய முடியுமா டாக்டர்?" என்று கேட்டேன். எனக்கு அது ஒன்றுதான் கவலை. பார்க்கலாம் என்றார். அந்தப் 'பார்க்கலாம்' எனக்குப் பிடிக்கவே இல்லை.

என் தொழிலைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. வயதாக ஆக டிஸ்க் எப்படிக் கெடுகிறது என்று ஆராய்கிறாராம். உயிரோடிருக்கும் மனிதனை வெட்டிப் பார்க்க முடியாதே. மாட்டு வாலில் எலும்புக்கு எலும்பு இதே மெத்தை இருக்கிறது, ஒரு கன்றின் வாலும் ஒரு கிழட்டுப் பசுவின் வாலும் கிடைக்குமா என்றார். என்னைப் பார்க்க வீட்டுக்கு வரும்போது அவரே எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

என் மைத்துனன் சிக்கந்தர் அப்போது கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு வாலையும் ஐஸ் வாளியில் போட்டு எங்கள் டன்லப் ஸ்ட்ரீட் வீட்டில் வைத்துவிட்டுப் போனான். என்ன ஏது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாயங்காலம் டாக்டர் வந்தார். என் மனைவி மைமூனிடம், "வால் எங்கம்மா?" என்றார்.

"அடுப்புல இருக்கு டாக்டர். இவருக்கு எலும்புல பலமே இல்லன்னு நல்லா மிளகு போட்டு சூப் வெச்சிட்டேன். பெரிய வால்தான் வேகவே மாட்டேங்குது."

டாக்டர் அடுப்படியை எட்டிப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரித்தால் கால்வரை வலிக்கும். வலிக்க வலிக்கச் சிரித்தேன். ஆராய்ச்சியை இரண்டு கிண்ணம் குடித்துவிட்டுத்தான் மனிதர் கிளம்பினார்.

மறுவாரம் சிக்கந்தர் வேறு இரண்டு வால் கொண்டுவந்தான். மைமூன் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. டாக்டர் என் பலகைக்குப் பக்கத்திலேயே கத்தியை வைத்து இரண்டையும் பிளந்தார். கன்றின் டிஸ்க் வெள்ளையாக, நுங்கு மாதிரி தளதளவென்று இருந்தது. பசுவினுடையது பழுப்பேறி, காய்ந்து, வெடித்துக் கிடந்தது. எத்தனையோ வால் வெட்டியிருக்கிறேன், ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை.

"என்னுதும் இப்படித்தான் இருக்குமா?"

"இருக்கலாம்," என்றார். சிக்கந்தர் பக்கம் திரும்பி, "இந்தப் பசு நடந்துதான் வந்துச்சா?" என்று கேட்டார்.

"நடந்தா? கயித்த அத்துக்கிட்டு ஓடுச்சு லா! மூணு பேர் சேர்ந்துதான் பிடிச்சோம். ஆனா டாக்டர், கிழட்டு மாட்டு வால நம்ம கடையில வாங்கினேன்னு மட்டும் வெளிய சொல்லிடாதீங்க. யாவாரம் படுத்துடும்."

டாக்டர் என் தோளைத் தட்டினார். "கேட்டுக்கிட்டீங்களா? டிஸ்க்குக்கு வயசாகும். முடி நரைக்கிற மாதிரிதான். அதுவே நோய் இல்ல. உங்களுக்கு நரம்பைச் சுத்தி வீக்கம் இருக்கு. கால்ல பலம் குறையல, அதனால காத்திருக்கலாம். அவசரப்படாதீங்க."

உங்களுக்கும் இதேதான் என்று நான் சொல்லவில்லை, உங்கள் டாக்டரைக் கேளுங்கள். ஆனால் அன்றைக்கு என் பயம் பாதிக்குமேல் போய்விட்டது. பயம் போனதும் தூக்கம் வந்தது. மெல்ல மெல்ல வலி காலைவிட்டு இடுப்புக்கு ஏறி, ஒருநாள் இடுப்பிலும் மங்கிப்போனது. ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொன்னபோது மைமூன் அழுதாள்.

அதுவரை படுத்தபடியும், வலி குறைந்தபின் நாற்காலியில் உட்கார்ந்தும்தான் தொழுதேன். ஒரு லுஹர் (நண்பகல் தொழுகை) நேரத்தில் நாற்காலியைத் தள்ளிவைத்துவிட்டுப் பாயை விரித்தேன். முன்பெல்லாம் கடைக்கு நேரமாயிற்று என்று அரக்கப்பரக்கத் தொழுதவன் நான். அன்று குனிந்தேன். முழங்கால் தரையைத் தொட்டது, பிறகு கை, பிறகு நெற்றி. எங்கும் வலி இல்லை.

அடுப்படியிலிருந்து மைமூன் பதறி ஓடி வந்தாள். "ஏங்க, பிடிச்சிக்கிச்சா? எந்திரிக்க முடியலையா?"

தொழுகையில் எப்படிப் பதில் சொல்வது? என்னால் எழுந்திருக்க முடியும். எழுந்திருக்கத்தான் மனம் வரவில்லை.