வக்கீல் பூட்டி வைத்திருக்கும் நோட்டு

வக்கீல் சார், நீங்கள் செய்யாத வேலைக்குக் கூலி கேட்கிறீர்கள். இங்கே கோர்ட்டில் எல்லாம் மலையாளம் என்பதால், தமிழ் நோட்டை மலையாளத்தில் மொழிபெயர்த்ததற்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று பில் போட்டிருக்கிறீர்கள். மொழிபெயர்த்தவன் நான். உங்கள் குமாஸ்தா எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். அவருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. உங்களுக்கும் அப்படித்தான்.

அது என் மனைவியின் நோட்டு. எங்கள் தோட்டத்துக் கிணறு எனக்கும் பங்காளிக்கும் பொது. ஒரு நாள் அவர் மோட்டார் போட்டால் மறுநாள் நான். என் நாளிலும் அவரே போட ஆரம்பித்தபோது நான் சத்தம் போட்டேன். அவள் எழுத ஆரம்பித்தாள். யார் முறை, எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது, எப்போது நின்றது என்று தினமும்.

கேஸ் போட்ட அன்று நோட்டைப் பையில் வைத்துக் கொடுத்தாள். "ஏனுங்க, நீங்க கத்தறத எந்த ஜட்ஜும் நம்பமாட்டாருங்க. என்ற எழுத்தத்தான் நம்புவாரு. பத்தரமாத் திருப்பி வாங்கிட்டு வந்துருங்க, பாதி நோட்டு எழுதாமக் கெடக்குது" என்றாள்.

மூன்று மத்தியானம் குமாஸ்தா முன்னால் உட்கார்ந்து வாசித்து, மலையாளத்தில் சொன்னேன். தண்ணீர் நேரத்துக்குக் கீழே அவள் வேறு எதையெல்லாமோ எழுதியிருந்தாள். "இன்னிக்கு அவருக்குக் கோவம்" என்று ஒரு பக்கத்தில் தொடங்கினேன். குமாஸ்தா பேனாவை நிறுத்தினார்.

"அதொண்ணும் வேண்டா சேட்டா. வெள்ளத்தோட சமயம் மட்டும் சொல்லுங்கோ."

அவர் வெள்ளம் என்றது தண்ணீரைத்தான். எனக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தண்ணீரைப் பற்றி இல்லாததையெல்லாம் தாண்டிவிட்டேன். வீட்டில் அவள் இருக்கிறாள், அவள் எழுதியதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்த மடையன் நான்.

சாட்சி விசாரணைக்கு முன்பே பங்காளி சமரசத்துக்கு வந்துவிட்டார். நோட்டு கோர்ட்டுக்கே போகவில்லை, உங்கள் ஃபைலிலேயே தங்கிவிட்டது. அடுத்த மாசம் அவள் நெஞ்சு வலியில் போய்விட்டாள். இப்போது என் முறைக்குத் தண்ணீர் ஒழுங்காக வருகிறது. வாய்க்காலில் நின்றுகொண்டு, "மணி என்னாச்சுங்க?" என்று சமையலறையிலிருந்து கேட்கும் குரலுக்காகக் காத்திருக்கிறேன். தென்னைக்குப் பாய்ந்து, நிறைந்து, வழிந்து ஓடும்வரை நிற்கிறேன். அன்று எனக்கு என்ன கோபம்? அதற்கு அவள் என்ன எழுதினாள்?

நோட்டைக் கேட்டு வந்தபோது பில்லை நீட்டினீர்கள். இந்த ஃபீஸ் நியாயமில்லை என்று மனுப் போட்டேன். உங்களுக்கு எதிராக நிற்க வேறு வக்கீல் வரவில்லை, நானே நிற்கிறேன். போன வாய்தா முடிந்து வெளியே வந்ததும் என் தோளில் கை போட்டீர்கள்.

"பைசாவைக் கட்டிட்டு எடுத்துட்டுப் போய்யா. ஒரு பழைய நோட்டுக்கா இத்தனை வாசி, இத்தனை பிடிவாதம்?"

"பழைய நோட்டுன்னா எதுக்குங்க அலமாரில வெச்சுப் பூட்டியிருக்கறீங்க?"

சிரித்துக்கொண்டே காரில் ஏறிவிட்டீர்கள். வராந்தாவில் அப்படிச் சிரித்துவிட்டுப் போகலாம். அடுத்த வாய்தாவுக்கு நோட்டோடு வாருங்கள். பக்கத்துக்குப் பணம் கேட்டீர்களே, அதில் ஏதாவது ஒரு பக்கத்தை ஜட்ஜ் முன்னால், எல்லோரும் கேட்க வாசியுங்கள். முடியாவிட்டால், ஒரு வரிகூட வாசிக்கத் தெரியாத உங்களுக்கு என் மனைவியின் எழுத்து எதற்கு என்று அங்கேயே நின்று பதில் சொல்லுங்கள்.