நான் சொல்லிக்கிறேன்

பெரிய வீட்டுக்காரர் டெல்லிக்குப் போனால் நாடு நன்றாக இருக்குமா என்று என்னிடம் யாரும் தனியாகக் கேட்டதில்லை. ஆனால் கம்பெனி பஸ்ஸில் இரண்டு வருஷம் இதே பேச்சுதான். நானும் வாயை மூடிக்கொண்டு வந்தவள் இல்லை. இன்றைக்கு யாராவது கேட்டால் ஒரு சுவரைப் பற்றித்தான் சொல்வேன்.

2009-ல் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வெளியே ஒரகடத்துக்கு வேலைக்கு வந்தேன். கார் பாகங்கள் செய்யும் கம்பெனி, குவாலிட்டி பிரிவு. அதாவது மற்றவர்கள் செய்ததில் குற்றம் கண்டுபிடிக்கிற வேலை. என் சுபாவத்துக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று அமையாது என்று என்னைப் பெற்றவளே சொன்னாள். பிள்ளைப்பாக்கத்தைத் தாண்டி ஒரு சின்ன ஊரில், ஏரிக்குக் கீழே, மாடியில் ஒற்றை அறை கிடைத்தது.

பக்கத்து மனையில் அக்காவின் வீடு. கூடப் பிறந்த அக்கா இல்லை. எங்கள் கேண்டீனில் பாத்திரம் கழுவியவள், நான் அப்படித்தான் கூப்பிட்டேன். புருஷன் விட்டுப் போனபின் பத்து வருஷம் உழைத்துக் கட்டிய வீடு அது. இரண்டு அறை, சிமென்ட் ஷீட் கூரை, வாசலில் நீலப் பெயின்ட் அடித்த இரும்புக் கதவு. கதவு மாட்டிய அன்று என்னைக் கூப்பிட்டு, "தட்டிப் பாரு பாப்பா, எப்டி கீதுன்னு" என்றாள். தட்டிப் பார்த்தேன். நல்ல கனம்.

ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியே போக ஒரு கால்வாய் உண்டு. 2013-ல் அதன் குறுக்கே ஒரு குடோன்காரர் காம்பவுண்டு சுவர் எழுப்பினார். நிலத்தை வாங்கும்போது கால்வாயையும் சேர்த்து வாங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டார் போல. ஏரி நிரம்பி வழிந்தால் தண்ணீர் அந்தச் சுவரில் முட்டித் திரும்பும். திரும்பினால் முதலில் நுழைவது அக்காவின் வீட்டுக்குள். இதைச் சொல்ல இன்ஜினியர் வேண்டாம், கண் இருந்தால் போதும்.

நான் மனு எழுதினேன். தெருவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். திங்கட்கிழமை காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீஸில் மனு நாள் என்பதால் லீவும் சொல்லிவிட்டேன். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. ஜெராக்ஸ் கடை பூட்டிக் கிடந்தது. காலையில் போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு ஊர்க் கோவிலில் திருவிழா. பெரிய வீட்டுக்காரர் வந்திருந்தார்.

சுற்றுவட்டாரத்தில் ஒரு காலத்தில் அவர் குடும்பத்துக்கு இல்லாத நிலம் இல்லை. மலைமேல் பள்ளிக்கூடம், அப்புறம் லண்டன் என்று படித்தவர். கோவிலில் முதல் மரியாதை அவருக்குத்தான். கட்சியில் பெரிய பொறுப்பு. அடுத்து டெல்லி, மந்திரி, ஏன், நாட்டுக்கே தலைவர் என்றெல்லாம் பேச்சு. பழைய ஒழுங்கை மாற்றக் கூடாது என்பது அவர் கட்சிக்குள்ளும் வெளியிலும் சொல்கிற கொள்கை. கோர்ட்டும் கச்சேரியும் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, ஊர் விஷயத்தை ஊர்ப் பெரியவர்தான் தீர்க்க வேண்டும் என்பார். லண்டனில் படித்த வாயிலிருந்து இது வரும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

"இன்னா பாப்பா, எதிர்லயே அவரு குந்திகினு கீறாரு, நீ காஞ்சிபுரம் போறேன்ற" என்றாள் அக்கா. "ஒரு தபா காமிச்சுட்டுப் போலாம் வா."

போனோம். எங்களைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தார். மனுவை இரண்டு கையாலும் வாங்கினார். முழுக்கப் படித்தார். அரசியல்வாதி ஒருவர் ஒரு காகிதத்தைக் கடைசி வரி வரை படித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"யார் எழுதினது? கையெழுத்து முத்து முத்தா இருக்கே" என்றார். என் ஊரைக் கேட்டார். எங்கள் ஊர்ப் பக்கம் கழுகுமலைக்கு வந்திருக்கிறாராம், அந்தக் கோவிலைப் பற்றி எனக்குத் தெரியாத இரண்டு விஷயம் சொன்னார். பிறகு மனுவை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இதுக்கு எதுக்கும்மா கலெக்டர் ஆபீஸ்? நம்ம ஊர் விஷயம் நம்ம ஊரோட இருக்கட்டும். நான் சொல்லிக்கிறேன்."

அவ்வளவுதான். கிளம்பும்போது, "ரெண்டு பேரும் வேலைக்குப் போறீங்களா? பொம்பளைங்க வெளியில போய்க் கஷ்டப்படற காலம் வந்துடுச்சே" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். அக்கா ஆமாம் என்று தலையாட்டினாள். அந்த வேலையில்தான் அவள் வீடே நிற்கிறது என்பது அந்த நேரத்தில் எங்கள் இருவருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கு மனசு லேசாக இருந்தது. திங்கட்கிழமை லீவைக் கேன்சல் செய்துவிட்டு வேலைக்குப் போனேன்.

அவர் சொன்ன சொல் தவறவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே வாரத்தில் குடோன்காரர் ஆள் வைத்துச் சுவரின் அடியில் இரண்டு ஓட்டை போட்டுக் குழாய் பதித்தார். ஒவ்வொன்றும் ஒரு குடம் நுழையும் அளவு. தெருவே சந்தோஷப்பட்டது. அக்கா எனக்குக் கேசரி கிண்டிக் கொடுத்தாள்.

கம்பெனியில் ஒரு துளை மயிரிழை தப்பினாலும் அந்தப் பொருளை ரிஜக்ட் செய்கிறவள் நான். இந்த ஓட்டைகளை நான் அளக்கவில்லை. கால்வாய் எத்தனை அடி, குழாய் எத்தனை அங்குலம் என்று யாரும் கேட்கவில்லை. மனுவாகப் போயிருந்தால் யாராவது ஒருவன் டேப்பைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். தயவாகக் கிடைத்ததை எப்படி அளப்பது? அளந்தால் நன்றி கெட்டவள் ஆகிவிட மாட்டேனா?

2014 தேர்தல் வந்தது. கட்சி அவரை அந்த முறை நிறுத்தவில்லை. அடுத்த தடவை நேராக மேலேதான் என்று அவர் ஆட்கள் சொல்லிக்கொண்டார்கள். எங்கள் பஸ்ஸில் திருநெல்வேலிக்காரர் ஒருவர், லைன் சூப்பர்வைசர், பெரிய வீட்டுக்காரருக்காக உயிரை விடுவார்.

"அவுகளுக்கு இல்லாத சொத்தா? களவாங்க வேண்டிய அவசியமே கிடையாதுல்லா. அப்படி ஆளுதான் நாட்ட ஆளணும்" என்றார்.

"களவாங்கலேன்னா போதுமா அண்ணே? நமக்கு ஒண்ணு வேணும்னா அவுக வாசல்ல போய்க் கும்பிட்டுல்லா நிக்கணும். கும்பிட்டு வாங்குறதுக்கு ஓட்டு எதுக்கு? நான்லாம் ஒருத்தரையும் கும்பிட மாட்டேன்" என்றேன்.

"கும்பிட்டா செஞ்சு தாராகள்லா. உங்க தெருச் சொவத்துலயே ஓட்ட போட்டுக் குடுத்தாகளே."

பஸ்ஸே சிரித்தது.

அதே வருஷம் சிங்கப்பெருமாள் கோவில் டவுனில் அவர் கட்சிக் கூட்டம். அக்கா இழுத்துக்கொண்டு போனாள். அவர் கத்திப் பேசுகிற ஆள் இல்லை. வீட்டுக்கு வந்தவர்களிடம் பேசுவது போலத்தான் மைக்கிலும் பேசினார்.

"நாடுன்னா என்ன? ஒரு பெரிய குடும்பம். குடும்பத்துல யாராவது அப்பாவுக்கு மனு எழுதுவாங்களா? அப்பா மேல கேஸ் போடுவாங்களா? என்ன குறைன்னாலும் எங்கிட்ட வந்து வாய்விட்டுச் சொல்லுங்க. சொல்ல வேண்டிய இடத்துல நான் சொல்லிக்கிறேன்."

கைதட்டல் நிற்கவே இல்லை. அக்காவும் தட்டினாள். நான் தட்டவில்லை. அவர் பொய் சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். அந்த மனுஷன் கெட்டவனாக இருந்திருந்தால் அடுத்த திங்கட்கிழமையே இன்னொரு மனுவோடு கிளம்பியிருப்பேன். அவர் நல்லவர். அதனால்தான் அந்த ஒரே மனுவும் அவர் பையில் இருந்தது. இத்தனை பேருடைய மனுவும் ஒரு சட்டைப் பைக்குள் போய்விட்டால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டே ஷேர் ஆட்டோவில் திரும்பினேன்.

2015-ல் மழை பிடித்துக்கொண்டது. நவம்பர் முழுக்கப் பெய்தது; டிசம்பர் தொடங்கியும் விடவில்லை. டிவியில் செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றியே பேசினார்கள். எங்கள் ஏரியை யாருக்குத் தெரியும்? ஒருநாள் முதல் ஷிஃப்ட் பஸ் தண்ணீரைத் தாண்ட முடியாமல் எங்களைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டது. தெருவுக்குள் வந்தபோது பத்து மணி. ஏரி வழிந்துகொண்டிருந்தது. குழாய்கள் இரண்டையும் வெங்காயத்தாமரையும் பேக்கிங் தெர்மோகோலும் அடைத்திருந்தன. தண்ணீர் சுவரில் முட்டித் திரும்பி அக்காவின் வாசற்படியை ஏறியிருந்தது.

தெரு ஆண்கள் நாலைந்து பேர் கடப்பாரையோடு சுவருக்குப் போனார்கள். நானும் அக்காவும் பின்னாலேயே போனோம். குடோன் வாட்ச்மேன் தடுக்கக்கூட இல்லை; கெஞ்சினார்.

"பெரிய வூட்டு ஐயா சொல்லி பைப்பு வெச்ச சொவருபா இது. அவராண்ட ஒரு வார்த்த கேட்டுகினு இடிங்க."

கடப்பாரை நின்றது. நான் அக்காவைப் பார்த்தேன். வீடு அவளுடையது. அவள் ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும்.

"கேட்டுட்டே இடிக்கலாம்" என்றாள் அக்கா. "நாளைக்கு அவரு மூஞ்சில எப்டி முழிக்கிறது?"

ஆளாளுக்குப் போனை எடுத்தார்கள். டவர் இல்லை. ஒருவரை மெயின் ரோட்டுக்கு அனுப்பினார்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு காத்து நின்றோம். சும்மா சொல்லக் கூடாது, நானும் அவர் நம்பரைத்தான் மறுபடி மறுபடி போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் இருக்கும். அக்காவின் வீட்டுப் பின்சுவர் ஊறி உட்கார்ந்தது, கூரை அதன்மேல் இறங்கியது. உள்ளே யாரும் இல்லை. அதற்குப் பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. சுவரை உடைக்கப் பத்தே நிமிஷம் ஆனது.

தண்ணீர் வடிந்ததும் சேதக் கணக்கெடுக்கத் தாலுகா ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். "இந்தச் சுவரைப் பத்தி முன்னாடியே எழுத்துல குடுத்தீங்களா? மனு நம்பர் இருக்கா?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை என்றேன்.

நான்காம் நாள் பெரிய வீட்டுக்காரர் வந்தார். செருப்பில்லாமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சேற்றில் நடந்தே வந்தார். அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இடிந்து கிடந்ததைப் பார்த்து அவர் கண் கலங்கியது நடிப்பில்லை.

"எப்படியாவது எனக்கு ஒரு வார்த்தை சேர்த்திருந்தா அப்பவே இடிங்கன்னு சொல்லியிருப்பேனே" என்றார். நிச்சயம் சொல்லியிருப்பார். "கவலைப்படாதீங்கம்மா. வீட்டு விஷயமா நான் சொல்லிக்கிறேன்."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கும்பிட்டார்கள். அக்கா மட்டும் கதவுப் பக்கத்தில் அப்படியே நின்றாள். வாசல் பக்கத்துச் சுவரும் அந்த நீலக் கதவும்தான் மிச்சம்.

"நாங்க குடுத்த மனு உங்களாண்ட இன்னும் கீதாங்க?" என்றாள். "இருந்தா குடுத்துடுங்க. திங்கக்கெழம எட்த்துகினு போவணும்."

அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. வெளுத்து இஸ்திரி போட்ட சட்டை. பையில் ஒன்றும் இல்லை. எதற்கும்மா அதெல்லாம் என்பது போலச் சிரித்தார். யாரோ அக்காவை, "சும்மா இரு" என்று அதட்டினார்கள்.

அவள் பக்கம் போய் நிற்க வேண்டும், "ஆமாங்க, அந்த மனு எங்கே" என்று நானும் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். என் இரண்டு கையும் நெஞ்சுக்கு நேராகக் கும்பிட்டபடி இருந்தன. எப்போது சேர்ந்தன என்று எனக்குத் தெரியாது.