காந்தச் சிகிச்சைக்குத் தாலியைக் கழற்றிய நாட்கள்

திண்டுக்கல்லை அடுத்த ஆத்தூர்ப் பக்கம் எங்கள் கத்தரித் தோட்டத்துக்குள் அடுத்த வீட்டு ஆடுகள் புகுந்து மேய்ந்தன. நான் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காய் காணாமல் போனாலே ஊரைக் கூட்டுகிறவள் நான். அன்றைக்குத் தின்றுவிட்டுப் போகட்டும் என்றிருந்தது. எனக்கு நோய் வந்தது அப்படித்தான். அழுகை ஒன்றும் வரவில்லை.

பிறகு தூக்கம் போனது, பசி போனது. செத்தாலும் பரவாயில்லை என்று ஒருநாள் சாதாரணமாகச் சொன்னேன். என் வீட்டுக்காரர் அன்றைக்கே பூச்சிமருந்து டப்பாக்களைத் தன் தம்பி வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார். மறுநாள் டாக்டரிடம் கூட்டிப்போனார். மனச்சோர்வு நோய் என்றார்கள். மாதக்கணக்கில் மாத்திரைகளை மாற்றி மாற்றிச் சாப்பிட்டும் கேட்கவில்லை. மதுரையில் காந்தத் தூண்டல் (தலைக்கு வெளியே கம்பிச்சுருளை வைத்துக் காந்தத் துடிப்புகளால் மூளையின் ஒரு பகுதியைத் தூண்டுவது, மயக்க மருந்து தேவையில்லை) செய்து பார்க்கச் சொன்னார்கள்.

முதல் நாள், உலோகம் எதுவும் கூடாது என்றார் நர்ஸ். முன்பு வயிற்று ஆபரேஷனுக்குத் தாலியைக் கழற்றச் சொன்னபோது நான் போட்ட சண்டையில் வார்டே கூடிவிட்டது. இந்தத் தடவை தோடு, மூக்குத்தியோடு அதையும் மளமளவென்று கழற்றி வீட்டுக்காரர் கையில் போட்டேன். கழுத்து சும்மா இருக்கக் கூடாதென்று அவர் மஞ்சள் கிழங்கு கட்டிய நூலொன்று கொண்டுவந்திருந்தார். "எதுக்கு?" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாரம் ஐந்து நாள், ஆறு வாரம். திண்டுக்கல் வந்து மதுரை பஸ் பிடிப்போம். இடது நெற்றிக்கு மேலே டக் டக்கென்று சுண்டும், புருவம் தானாகத் துடிக்கும். முதல் வாரம் தலைவலி இருந்தது. உங்களுக்கும் வந்தால் பயப்படாதீர்கள், எனக்குச் சீக்கிரமே குறைந்துவிட்டது.

உள்ளே என்ன நடக்கிறதென்று வீட்டுக்காரர்தான் கேட்டார். நரம்பணுக்கள் ஒன்றோடொன்று சேதி சொல்லிக்கொள்ள உதவும் வேதிப்பொருட்களில் மெல்ல மாற்றம் வருவதாகத் தெரிகிறது என்றார் டாக்டரம்மா. "முழுசா எங்களுக்கும் இன்னும் புரியல" என்றார்.

நான்காவது வாரம் ஒருநாள் சிகிச்சை முடிந்து வெளியே வந்தால் வீட்டுக்காரரைக் காணோம். கழுத்தைத் தடவினேன். தாலி அவரிடமல்லவா இருக்கிறது! செத்த நேரம் கழித்து டீக்கடையிலிருந்து ஆற அமர வந்தார்.

"ஏங்க, தாலியச் சட்டைப்பையில போட்டுக்கிட்டா ஊர் சுத்துவீக? குனியும்போது விழுந்து தொலைஞ்சிருந்தா?"

அவர் சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

"இன்னுங் கொஞ்சம் திட்டு" என்றார்.

திரும்பும் பஸ் வாடிப்பட்டி தாண்டும்வரை திட்டினேன். அம்புட்டு நிம்மதி எனக்கு.

நோய் திரும்பவும் வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மாத்திரையை நிறுத்தவில்லை. பூச்சிமருந்து இன்னும் கொழுந்தன் வீட்டில்தான் இருக்கிறது, நானும் கேட்கவில்லை. ஆனால் எல்லா நாளும் ஒரே நாளாகக் கிடந்தது போய், இப்போது திங்கள் வேறு, செவ்வாய் வேறு.

நேற்று அந்த ஆடுகள் மறுபடி வந்தன. கத்திக்கொண்டே வரப்பில் ஓடினேன். மூச்சு வாங்கியது. ஓடிய ஓட்டத்தில் தாலி நெஞ்சில் இடித்துக்கொண்டே வந்தது.