தகரக் குழாய்க்குள் ஜலால்

விண்கப்பல் பழுதானால் ஜலால் சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிடுவார். தொலைக்காட்சியில் கப்பல் வெடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான். கதாநாயகன் சுவர்ப் பலகையைக் கழற்றி, குறுகலான பாதைக்குள் முட்டிபோட்டு நுழைவான். "ந்தா, நம்ம தொழிலுக்கு வந்துட்டான்" என்று நிமிர்ந்து உட்காருவார். "எந்தக் கப்பல்லயாச்சும் ஒரு எலி செத்துக் கெடக்கா பாரு. புறா எச்சம் கூட இல்ல. யாரு கூட்டுறா அம்புட்டையும்?" மகள் அப்சானா, "ஆகாசத்துல புறா ஏது அத்தா?" என்பாள். அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

மதுரை ஜவுளிக்கடைகளின் கூரையை ஒட்டிக் குளிர்காற்று கொண்டுபோகும் தகரக் குழாய்களைச் செய்வதும், அவற்றுக்குள் ஊர்ந்து தூசி எடுப்பதும் அவர் பிழைப்பு. முட்டி இரண்டும் ஒட்டக முட்டிபோலக் காய்த்திருக்கும். எந்த மாமியார் எந்தப் பட்டில் மனம் மாறினாள் என்பது சம்பந்தி வீட்டுக்கு முன்பே மேலே குழாய்க்குள் கிடக்கும் அவருக்குத் தெரிந்துவிடும். அவர் ஒட்டிய மூட்டில் காற்று கசியாது. ஒருமுறை உள்ளே மாட்டிக்கொண்ட கொசு, வெளியே வர வழியில்லாமல் அங்கேயே பேரன் பேத்தி எடுத்தது. நம்பாதவர்கள் கொசுவைக் கேட்டுக்கொள்ளலாம்.

பேரையூர் சாலையில் மூடிக்கிடந்த மில்லில் விண்கப்பல் தொடர் எடுக்க வந்த இயக்குநர் கிரிதரன், தவழ்ந்து போகும் பாதை ஒன்று வேண்டுமென்றார். ஜலால் மற்ற வேலைகளைத் தள்ளிப்போட்டுச் செய்துகொடுத்தார். நாலு பக்கமும் தகடு, மூட்டுக்கு மூட்டு பசை. கிரிதரன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, காமிரா எங்கிருந்து பார்க்கும் என்று கேட்டார். காற்று கசியக் கூடாது என்றே வாழ்ந்தவருக்கு, கண் நுழைய வேண்டும் என்பது தோன்றவே இல்லை.

ஒரு பக்கத்தை முழுசாக அறுக்க வேண்டும், இல்லையென்றால் காட்சியே வேண்டாம், குழாய் பழைய இரும்புக்குப் போகட்டும் என்றார் கிரிதரன். தச்சர் பால்பாண்டி அறுக்கும் மெஷினோடு வந்தார். ஜலால் குழாய்க்குள் புகுந்து நடுவில் உட்கார்ந்துகொண்டார். ஒரு பக்கம் திறந்து கிடந்தால் அது மாட்டுக்கொட்டகை, அதில் எவன் தவழ்ந்தாலும் கப்பல் பிழைக்காது என்று குரல் மட்டும் வெளியே வந்தது. டீயும் வடையும் காட்டிப் பார்த்தார்கள். "அறுக்கணும்னா என்னையும் சேத்து அறு மாப்ள." அந்த டீயைப் பால்பாண்டி குடித்தார்.

கடைசியில் வெள்ளி உடுப்போடு பவதாரிணி உள்ளே தவழ்ந்தாள். தொடரில் கப்பலைக் காப்பாற்றும் மெக்கானிக் அவள்தான். அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய காட்சி இது. முட்டியோடு முட்டி இடிக்க எதிரே உட்கார்ந்தாள்.

"நல்லாத்தாண்ணே கட்டியிருக்கீங்க. நெசமாவே பயமா இருக்கு."

"அப்ப என்னத்துக்கு அறுக்கணுங்குறாங்க?"

"இம்புட்டுப் பயமும் என் மூஞ்சில வந்து, அத ஒருத்தரும் பாக்கலைன்னா நான் எதுக்குண்ணே இதுக்குள்ள தவழணும்?"

ஜலால் அவள் முகத்தையே பார்த்தார். உள்ளே யார் தவழ்ந்தாலும் வெளியே ஒருவருக்கும் தெரியாது என்பது அவர் முட்டிகள் வெகுநாளாய் அறிந்த சங்கதி.

பின்பக்கமாகவே ஊர்ந்து வெளியே வந்து தகரக் கத்திரியைக் கேட்டு வாங்கினார். முழுப் பக்கம் என்ற பேச்சே கிடையாது, அவள் முகம் நகரும் உயரத்தில் நீளவாக்கில் ஒரு பட்டை மட்டும்தான் என்று கிரிதரனிடம் கறாராகச் சொன்னார். பால்பாண்டியைக் கிட்டே அண்டவிடாமல் தானே வெட்டினார். வெட்டிய விளிம்பைக் கூர் போகச் சுத்தியலால் மடித்துத் தட்டினார். விளக்குகளைப் போட்டுவிட்டுக் கிரிதரன் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். ஜலால் மண்டிபோட்டு, தன் கன்னத்தை அந்த விளிம்பின் ஒரு முனையில் அழுத்தி வைத்து, மறுமுனை வரைக்கும் மெள்ளத் தேய்த்துக்கொண்டே போனார்.